பல்லம்மாவின் வாள்களும் டிரைவரின் படங்களும்

பல்லம்மாவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அவள் வாள் வாங்கப் போகும் ஏலக்கூடத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை. பொய்ப்பல் செய்கிறவள், அதனால் பல்லம்மா. ஆரம்பத்தில் சிலர் மரியாதைக்காக டாக்டரம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். "டாக்டர் பல்லைப் புடுங்கறவரு. நான் வெக்கறவ. ரெண்டும் ஒண்ணாகுமா?" என்று கேட்டு அவளே அதை நிறுத்திவிட்டாள்.

ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம் இரண்டு அறைதான் அவளுடைய பட்டறை. ஒன்றில் பிளாஸ்டர் கலப்பாள். இன்னொன்றில் ஜன்னலோரம் மேஜை, கையடக்கமான எரிவாயு அடுப்பு, மெழுகு சீவும் கத்திகள், மெருகு போடும் மோட்டார். சுவர் நெடுக அலமாரிகளில் ஊரில் பாதிப் பேரின் தாடைகள் பிளாஸ்டரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஓர் எண். புதிதாக உள்ளே வருகிறவர்கள் அந்த அலமாரியைப் பார்த்ததும் தங்களையறியாமல் வாயை மூடிக்கொள்வார்கள்.

வெள்ளை வெளேரென்று பல் செய்ய யாராலும் முடியும். அறுபது வயது முகத்தில் பொருந்துகிற பல்லைச் செய்யத்தான் கை வேண்டும். வலது பக்கம் மெல்லுகிறவருக்கு வலது பக்கம் தேய்ந்திருக்கும். நாக்கு துழாவுகிற இடம் வழவழப்பாகவும், நாக்கு எட்டாத இடுக்கு கறுத்தும் இருக்கும். வயது எல்லா இடத்திலும் ஒரேபோல் ஏறாது. இதைப் பார்த்துப் பார்த்து, சாயம் தொட்டுத் தொட்டு, பல்லம்மா தன் தொழிலில் பெயர் எடுத்திருந்தாள். சொந்தப் பல்லா பொய்ப் பல்லா என்று கட்டின பெண்டாட்டிக்கே தெரியாது என்பார்கள்.

வாள் சேர்க்கும் பழக்கம் அவளுக்கு வந்தது ஒரு விபத்துபோலத்தான். இருபத்தெட்டு வயதில் பட்டறை ஆரம்பித்தபோது, மூடிப்போன வேறொரு பட்டறையின் சாமான்கள் ஏலத்துக்கு வருவதாகக் கேள்விப்பட்டுப் போனாள். அவளுக்கு வேண்டியது மெருகு போடும் மோட்டார். ஏலக்கூடம் என்பது ஒரு பழைய கிடங்கு. தகரக் கூரை, மடக்கு நாற்காலிகள், ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும் மின்விசிறிகள். அங்கே எதையும் தனித்தனியாக விற்பதில்லை, கட்டுக் கட்டாகத்தான். மோட்டாரோடு ஒரு வாளியும், வாளியில் சுத்தியல்களும், அவற்றின் அடியில் துருப்பிடித்த ஒரு நீளக் கத்தியும் சேர்ந்தே வந்தன. துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி. யாரோ ஒரு சிப்பாய் நூறு வருஷத்துக்கு முன்னால் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தது.

வாங்கிய மோட்டாரிலேயே அந்தக் கத்திக்கு மெருகு போட்டாள். முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று ஆக்கி, அடுத்த மாதம் ஏலக்கூடத்துக்குப் பெருமையாக எடுத்துப் போனாள். அங்கே கர்னல் என்று ஒருவர் உண்டு. எந்தப் பட்டாளத்திலும் இருந்தவர் இல்லை, மெத்தைக் கடை வைத்திருப்பவர். மீசையை வைத்துக் கூப்பிட ஆரம்பித்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஊரிலேயே அதிக வாள் வைத்திருக்கிறவர் அவர்தான். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உயிரோடு இருந்த மிருகத்தின் தோலை உரித்துவிட்டாயே என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தேய்த்ததில் அதைச் செய்த பட்டறையின் முத்திரையும் படைப்பிரிவு எண்ணும் காணாமல் போயிருந்தன. கூடம் சிரித்தது. பல்லம்மா கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த அவமானம்தான் அவளை வாளுக்குக் கொண்டுவந்தது. நூலகத்தில் கிடைத்த எல்லாவற்றையும் படித்தாள். எண்ணெயும் மெல்லிய துணியும் தவிர வேறெதையும் பழைய இரும்பில் தொடக்கூடாது என்று புரிந்துகொண்டாள். ஐந்து வருஷத்தில் கர்னல் அவளிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். ஆனால் கேட்கும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் கேட்பார்.

அவள் புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கூடத்தில் அவருக்கும் பெயர் டிரைவர்தான். அவர் ஏலத்துக்கு வந்ததே வாள் தூக்கத்தான். ஒருமுறை உறையில்லாத வாளோடு பல்லம்மா பேருந்தில் ஏற, நடத்துனர் விசில் ஊதி வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு வாரவிடுமுறை நாளில் டிரைவர் ஒரு பழைய போர்வையும் கயிறும் எடுத்துக்கொண்டு கூடவே வருவார். வாளைப் பாய்போல் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்வார். தன் துறை வண்டி என்பதால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

மனைவி வாள் பார்க்கிற நேரத்தில் அவர் சுவரோரம் உட்கார்ந்து தூங்குவார். ஒருநாள் தூங்க முடியாமல் எதிரே மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மரக்கட்டையில் செதுக்கி மை தடவி அழுத்தி எடுத்த அச்சுப் படம். மழையில் ஒரு பேருந்து நிறுத்தம், ஒரே குடையின் கீழ் மூன்று பேர். கீழே பென்சிலில் ஓவியரின் கையெழுத்து. அவ்வளவுதான். கையை உயர்த்தி வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பல்லம்மா ஏன் என்று கேட்டாள்.

"நாள் பூரா ஓடற ரோட்டையே பாக்கறேன். வீட்டுல நிக்கற ஒண்ணைப் பாக்கலாமேன்னுதான்" என்றார்.

அப்படி ஆரம்பித்து, இருபது வருஷத்தில் வீட்டுக் கூடத்து வடக்குச் சுவரில் பதினேழு வாள்களும் தெற்குச் சுவரில் பதினோரு படங்களும் சேர்ந்தன. நடுவில் சாப்பாட்டு மேஜை. இந்த வீட்டில் சண்டை வந்தால் ஆயுதத்துக்கு அலைய வேண்டாம் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. வேறு ஊரில் செவிலியாக இருக்கும் மகள், தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்பாவின் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததால்தான் கல்யாணமே நடந்தது என்பாள்.

ஏலக்கூடத்தில் பல்லம்மாவின் கண் என்றால் எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது. ஒருமுறை யாரோ ஒருவர் பட்டாள அதிகாரிகள் வைத்திருக்கும் வாள் ஒன்றை வாங்கி, ஆசையாக அவளிடம் காட்டினார். அவள் லென்ஸை வைத்துப் பிடியைப் பார்த்தாள். உள்ளங்கை படுகிற இடமும் படாத இடமும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. "இது போன வருஷம் பண்ணினது. ரசாயனத்துல ஊறப் போட்டிருக்காங்க" என்றாள். அந்த மனிதர் முகம் செத்துப்போயிற்று. பல்லம்மா லென்ஸைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த சாமானைப் பார்க்கப் போய்விட்டாள். உண்மையைச் சொன்னோம் என்பதைத் தவிர அவள் மனதில் அன்று வேறெதுவும் இல்லை.

டிரைவரின் பதினோரு படத்தில் அவருக்கு உயிரான ஒன்று உண்டு. ஒரு துறைமுகம், விடிகிற நேரம். சரக்குத் தூக்கிகள் கறுப்பாக நிற்க, ஒரே ஒரு ஆள் கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்திருப்பான். செப்புத் தகட்டில் கீறி எடுத்தது என்று ஏலப் பட்டியலில் போட்டிருந்தது. கீழே இடது ஓரத்தில் 14/75, வலது ஓரத்தில் கையெழுத்து. விபத்தே இல்லாமல் இருபத்தைந்து வருஷம் ஓட்டியதற்குத் துறை கொடுத்த பரிசை அப்படியே கொடுத்து வாங்கியது. வருகிறவர்களிடம் எல்லாம், "மொத்தம் எழுபத்தஞ்சுதான் எடுத்தாரு. இது பதினாலாவது. மீதி அறுபத்திநாலு யார் வீட்டுல இருக்கோ" என்பார். மீதி எழுபத்திநாலு இல்லையா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அந்தக் கணக்கைத் திருத்துவதைப் பல்லம்மா விட்டுவிட்டாள்.

ஒரு மழைக்காலத்தில் மேல்வீட்டுக்காரர் சுவரில் துளை போட்டதில் ஆணி கழன்று அந்தப் படம் விழுந்தது. கண்ணாடி மட்டும் விரிசல். டிரைவர் பதறிப்போனார். பல்லம்மா பட்டறைக்கு எடுத்துப் போய்த் தானே புதுக் கண்ணாடி போட்டுத் தருவதாகச் சொன்னாள்.

மேஜை விளக்கின் கீழ் சட்டத்தைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்தபோது, அது கண்ணாடியில்லாமல் அவள் கைக்கு வந்தது அதுதான் முதல் முறை. தூசி இருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்தாள். ஏதோ இடித்தது. மறுபடி சாய்த்தாள். பென்சில் கோடு வெளிச்சத்தில் சாய்த்தால் பளபளக்கும். பிளாஸ்டரில் தினமும் பென்சிலில் எண் போடுகிறவளுக்கு அது தெரியாதா? இந்தக் கையெழுத்து பளபளக்கவில்லை. விரல் நுனியால் பின்பக்கம் தடவினாள். எழுதிய அழுத்தம் இல்லை. லென்ஸை எடுத்தாள். துறைமுகமும் சரக்குத் தூக்கியும் கயிற்றுச் சுருளும் கையெழுத்தும் பதினாலும் எழுபத்தைந்தும் எல்லாமே சின்னச் சின்னப் புள்ளிகள். காலண்டரில் இருக்கிற அதே புள்ளிகள். யாரோ அசலைப் புகைப்படம் எடுத்து, கையெழுத்தோடு சேர்த்து இயந்திரத்தில் அடித்திருந்தார்கள்.

பல்லம்மா லென்ஸைத் துடைத்து மேஜையில் வைத்தாள். பிறகு புதுக் கண்ணாடியைத் துடைத்து, படத்தைப் பழையபடி வைத்து, சட்டத்தை மூடினாள். சாயங்காலம் டிரைவர் ஆணியை இரண்டு மடங்கு நீளத்தில் வாங்கிவந்து அடித்தார். கீழே இறங்கி நின்று, இப்போது முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றாள்.

எட்டு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்லலாம் என்று வாய்வரை வரும், அவர் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டத்தைத் துடைப்பதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும். ஏலக்கூடத்தில் முகம் செத்துப்போன அந்த மனிதர் அப்போதுதான் முதல் தடவையாக அவள் நினைவுக்கு வந்தார். அவர் யார், அந்த வாளை என்ன செய்தார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இந்த எட்டு மாதத்தில் ஏலக்கூடத்தில் யாராவது வாளை நீட்டினால்கூட, வீட்டு விஷயம் மாதிரி யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். கர்னல் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்.

அப்படியே காலம் தள்ளியிருப்பாள். ஆனால் டீச்சர் வந்தாள்.

டீச்சர் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கையெழுத்துப் போட்ட படங்களுக்கு ஏலத்தில் டிரைவரோடு போட்டி போடுகிற ஒரே ஆள், அதனாலேயே இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம். வருஷக்கணக்காக அவளுக்கு அந்தத் துறைமுகத்தின்மேல் கண். அன்று தேநீர் குடித்துக்கொண்டே காரணத்தைச் சொன்னாள். அவளுடைய அப்பா அந்தத் துறைமுகத்தில் கயிறு கட்டும் வேலை பார்த்தவர். அந்த மூன்றாவது சரக்குத் தூக்கியின் கீழ்தான் தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பாள். டிரைவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தான் கொடுத்த விலைக்கே டீச்சர் எடுத்துக்கொள்ளலாம், ஒரு காசு அதிகம் வேண்டாம் என்றார். டீச்சரின் கண் கலங்கிவிட்டது. வருகிற சனிக்கிழமை எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தவர், "என்னைவிட அவங்களுக்குத்தான் அது சொந்தம், இல்ல?" என்றார்.

பல்லம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைக் கீழே வைத்தாள்.

"அதை விக்காதீங்க."

"ஏன், உனக்கும் அது மேல ஆசை வந்துருச்சா?"

"அது அசல் இல்லீங்க. கையெழுத்தும் அச்சுதான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கண்ணாடி மாத்தும்போது."

"அது போன மழைக்காலம்." விரலை மடக்கி எண்ணினார். "ஊருக்கெல்லாம் மூஞ்சிக்கு நேரா சொல்றவ. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"ஊரான் மூஞ்சியை நான் மறுநாள் காலையில பாக்க வேண்டியதில்லையே."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்று நாள் எதற்குமே ஒன்றும் சொல்லவில்லை. விடிகாலை வண்டிக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், தெற்குச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். கத்தினால் தேவலை என்று இருந்தது பல்லம்மாவுக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. பேருந்துக்குக் குறுக்கே ஓடுகிறவர்களைக்கூட ஹார்ன் அடித்துத்தான் திட்டுவார்.

நான்காம் நாள் பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் போர்வைக் கட்டு. வாள் இல்லை, பதினோரு படமும் அதற்குள் இருந்தன.

"காட்டு. எப்படிப் பாக்கறதுன்னு எனக்கும் காட்டு" என்றார்.

மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தார்கள். முதலில் துறைமுகம். அவர் லென்ஸை வைத்துப் புள்ளிகளைப் பார்த்தார். அதை ஓரமாக வைத்தார். அடுத்தடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். மழையில் பேருந்து நிறுத்தம் வந்தது. சாய்த்தார். கையெழுத்து வெள்ளிபோல் மின்னிற்று. பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட்டது. "இங்க பாரு, அழுத்தி எழுதியிருக்காரு" என்று அவர் சொன்னபோதுதான் மூன்று நாள் கழித்து அவர் சொந்தக் குரல் அவளுக்குக் கேட்டது. கடைசியில் ஒன்பது அசல், இரண்டு போலி. இரண்டும் அதே ஏலக்கூடத்தில் ஒரே வருஷம் வாங்கியவை.

டீச்சர் வீட்டுக்கு அவரே போய்ச் சொன்னார். அவளுடைய படங்களையும் பார்த்ததில் மூன்று போலி. டீச்சர் அழவில்லை. எந்தெந்தத் தேதியில் வாங்கியது, ஏலத்துக்கு யார் கொண்டுவந்தது என்று நோட்டில் குறித்துவைத்திருந்தாள். அதைப் பார்த்துச் சொன்னாள், எல்லாமே படங்களுக்குச் சட்டம் போடுகிற ஒரே கடைக்காரன் கொண்டுவந்தவை.

ஏலக்காரரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் தொழிலுக்குப் பங்கம் வருகிற எந்த விஷயமும் காதில் விழாத மனிதர், அவ்வளவுதான். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்: உள்ளது உள்ளபடி விற்கப்படும், வாங்குபவர் பார்த்து வாங்கவும். பழையதை விடுங்கள், இனி வருவதையாவது சோதித்துப் போடுங்கள் என்று டிரைவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். பார்க்கலாம் என்றார் ஏலக்காரர். பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம்.

அடுத்த மாத ஏலத்தில் பல்லம்மாவுக்கு ஒரு வாள் காத்திருந்தது. குதிரைப்படை வாள், சற்றே வளைந்த அலகு, பித்தளைக் கைக்காப்பு, உறையில் சேணத்தோடு உரசி உரசிக் குழிந்த இடம். முதல் நாள் பார்வைக்கு வைத்தபோது கையில் எடுத்துப் பார்த்தாள். பிடியில் கட்டைவிரல் வைக்கிற இடம் மட்டும் வழுக்கென்று தேய்ந்திருந்தது. ஒரே ஆள் பல வருஷம் பிடித்த தேய்மானம். இப்படி ஒன்றுக்காகப் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். அது அறுபத்தொன்றாவது சாமான். நாற்பத்திரண்டாவதாக, அதே சட்டக் கடைக்காரனின் படம் ஒன்று இருந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். 

நாற்பத்திரண்டு மேடைக்கு வந்தது. ஓவியரின் சொந்தக் கையெழுத்து என்று ஏலக்காரர் ஆரம்பித்தார். முன்வரிசையில் புதிதாக வந்த ஓர் இளம் தம்பதி எண் அட்டையைத் தூக்கினார்கள். பின்னால் ஒருவர் கூட்டினார், தம்பதி மறுபடி தூக்கினார்கள். "ஒரு தரம்" என்றார் ஏலக்காரர்.

டிரைவர் எழுந்து நின்றார்.

"ஐயா, அது கையெழுத்து இல்லீங்க. அச்சு."

கூடம் திரும்பிப் பார்த்தது. ஏலக்காரர் சுத்தியலை இறக்காமல், "டிரைவர், உக்காருங்க. ஏலம் நடக்குது" என்றார்.

"முப்பது வருஷமா உக்காந்துதாங்க வேலை பாத்தேன். ஒரு நிமிஷம் நின்னு பேசிடறேன்."

சிலர் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. பென்சில் கோட்டைச் சாய்த்தால் மின்னும், அச்சு மின்னாது, யார் வேண்டுமானாலும் மேடைக்குப் போய்ச் சாய்த்துப் பார்க்கலாம் என்றார். தானும் இரண்டு வாங்கி ஏமாந்திருப்பதாகச் சொன்னார். பல்லம்மா அவர் கையைப் பார்த்தாள். அடைமழையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி அது முன்னிருக்கையின் முதுகைப் பிடித்திருந்தது. முன்வரிசைப் பெண் எழுந்து போய்ப் படத்தை வாங்கிச் சாய்த்தாள். இன்னொரு பக்கம் சாய்த்தாள். திரும்பி வந்து எண் அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஏலக்காரரின் காது சிவந்துவிட்டது. வாசலில் நிற்கும் காவலாளியைப் பார்த்துத் தலையசைத்தார். காவலாளி டிரைவரின் வண்டியில்தான் தினமும் வேலைக்கு வருகிறவர். சங்கடத்தோடு அருகில் வந்து, வாங்கண்ணே போலாம் என்றார்.

பல்லம்மாவும் எழுந்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து கர்னல் அவள் முந்தானையை இழுக்காத குறையாகக் கிசுகிசுத்தார்.

"அவர்தானே பேசினாரு. உன்னை யார் போகச் சொன்னா? அறுபத்தொண்ணு இருக்கு."

"அவர் போயிட்டா என் வாளை யாருங்க தூக்குவா?" என்றாள். அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

எதிரே பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இரண்டு வண்டி வந்தது, ஏறவில்லை. கூடத்திலிருந்து ஒலிபெருக்கியில் சத்தம் மட்டும் வந்தது. டிரைவர் அந்தப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"அறுபத்தொண்ணு போயிருக்கும்."

"போயிருக்கும்."

"நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அறுபத்தொண்ணு முடிஞ்சப்புறம் பேசியிருக்கலாம்."

"நாப்பத்திரண்டு எப்படிங்க அறுபத்தொண்ணுக்கு அப்புறம் வரும்?"

அவர் யோசித்துப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நிறுத்தத்தில் நின்றவர்கள், இந்த வயதில் இதுகளுக்கு என்ன வந்தது என்பதுபோல் பார்த்தார்கள்.

வாள் கர்னலுக்குப் போயிற்று. அவர் ஒன்றும் பெருந்தன்மையாக அதைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அப்படிப்பட்டவர் இல்லை அவர். ஆனால் ஒருநாள் மெத்தைக் கடைக்குக் கூப்பிட்டு, அவள் கையில் அரைமணி நேரம் கொடுத்து வைத்தார். அலகின் அடியில் இருந்த முத்திரையை அவள்தான் படித்துச் சொன்னாள். அது அவருக்குத் தெரியாது. இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தே நன்றி சொன்னார்.

இரண்டு மாதம் ஏலக்கூடம் பக்கம் அவர்கள் போகவில்லை. அங்கே என்ன நடந்தது என்று டீச்சர் வந்து சொல்லுவாள். படம் எது வந்தாலும் ஆட்கள் மேடைக்குப் போய்ச் சாய்த்துப் பார்க்கிறார்களாம். அசல்களைக்கூட நம்பி வாங்க ஆள் இல்லையாம். பொய்யை விற்றவன் தப்பித்துவிட்டான், உண்மை விலை போகாமல் நிற்கிறது என்று டிரைவருக்கு அது வேறு வருத்தம்.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் ஏலக்காரர் பட்டறைக்கு வந்தார். உட்கார இருந்தது ஒரே முக்காலி, சுற்றிலும் தாடைகள். மேடையில் ஓயாமல் ஒலிக்கிற அவர் குரல் அங்கே எழும்பவே இல்லை. சட்டக் கடைக்காரனிடம் இனி சரக்கு எடுப்பதில்லை என்றார். யார் யார் ஏமாந்தார்களோ அவர்களுக்குத் தன் தரகுப் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். முழு விலை தரத் தன்னால் ஆகாது, ஆனால் தன் பங்கு தன் பங்குதானே என்றார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். ஏலத்துக்கு முதல் நாள் பார்வைக்கு வைக்கும்போது ஒரு மேஜையும் விளக்கும் போட்டுத் தருகிறேன், அம்மாவும் டிரைவரும் வந்து உட்கார வேண்டும்.

பல்லம்மா ஒரு மேல்தாடையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே கேட்டாள். போலி என்று தெரிந்தால் பட்டியலில் நகல் என்று கொட்டை எழுத்தில் போடுவீர்களா, பொடி எழுத்திலா என்று கேட்டாள். கொட்டை எழுத்தில் என்றார். அப்படியானால் வருகிறோம் என்றாள். அவர் எழுந்து போகும்போது, அலமாரியில் தன்னுடையது எது என்று ரகசியமாகக் கேட்டார். இரண்டாவது தட்டு, இடது ஓரம்.

துறைமுகப் படத்தை டீச்சர் ஒருநாள் கேட்டு வாங்கிப் போனாள். போலி என்று தெரிந்துமா என்றார் டிரைவர். "கையெழுத்து பொய். எங்கப்பா நின்ன இடம் பொய் இல்லையே" என்றாள் டீச்சர். அவர் காசு வாங்கவில்லை. அவளும் சும்மா எடுத்துப்போகிறவள் இல்லை. தன்னிடமிருந்த அசலான ஒரு சின்னப் படத்தை, மேஜையில் கழற்றிவைத்த மூக்குக்கண்ணாடி ஒன்றின் படத்தை, கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போனாள். அதற்கு எண் 3/20. மீதி எத்தனை என்று இப்போதெல்லாம் அவர் சொல்வதில்லை.

பல்லம்மாவிடம் ஒரு மாற்றம் இருந்தது. பார்வை நாள் மேஜையில் யாராவது போலி வாளை நீட்டினால், முதலில் அவரை உட்காரச் சொல்லுவாள். எங்கே வாங்கினீர்கள், எதற்காகப் பிடித்தது என்று கேட்பாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லுவாள். ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல்தான் சொல்லுவாள், ஆனால் சொல்லிவிட்டு அடுத்த சாமானுக்கு ஓடமாட்டாள்.

டிரைவர் ஓய்வு பெற்ற மாதம் ஒரு பார்வை நாள். ஒரு பெண் பழைய துண்டில் சுற்றி ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். இறந்துபோன தன் அண்ணனின் அறையில் இருந்தது, விற்றுவிடலாமா, இல்லை வெறும் காகிதமா என்று கேட்டாள். இரண்டு புறாக்கள், அவ்வளவுதான் படம். அன்று பல்லம்மா வளைந்துபோன ஒரு கப்பற்படைக் கத்தியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின வாரம்தான் மலிவாகக் கிடைத்தது. வளைந்ததால் யாரும் சீந்தவில்லை. அவள் நிமிர்ந்தாள், ஆனால் கையை நீட்டவில்லை. டிரைவர் படத்தை வாங்கி விளக்கின் கீழ் சாய்த்தார். பின்பக்கத்தை விரலால் தடவினார். லென்ஸை வைத்தார். சாவகாசமாகப் பார்த்தார்.

"என்ன விலை போகும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். "ஆனா வரைஞ்சவர் கை இதுல பட்டிருக்கு. அது நிச்சயம்."

அந்தப் பெண் படத்தைத் திரும்ப வாங்கி, முதலில் சுற்றியதைவிட நிதானமாகத் துண்டில் சுற்ற ஆரம்பித்தாள். விற்பதற்கு அவசரம் ஒன்றும் இல்லை என்றாள்.